சிப்பி படிந்த மலை

கணவன் சேசடிமை கடலுக்குப் போய்த் திரும்பாததால், அலைச்சத்தம் கேட்காத இடம் தேடி மலைக்கு வந்தவள் பிரகாசி. ஒன்பது வருடமாகப் பாறை ஆய்வு முகாமில் சமைக்கிறாள். ஒருநாள் ஆய்வாளர் உடைத்த சுண்ணாம்புக்கல்லுக்குள் முழுச்சிப்பி ஒன்று இருந்தது.

“இந்த மலையே கடலடியில உருவானதுதான்க்கா. சிப்பியும் பவளமும் செத்துச் செத்துப் படிஞ்சு கல்லாச்சு. அப்புறம் மேல எழும்பிடுச்சு.”

“அப்ப, கடலு கொண்டுபோனதத் திருப்பித் தந்துருமா சார்?”

“தரும்க்கா. இதுக்கு இருபது கோடி வருசம் ஆச்சு,” என்று அவர் விவரம் தெரியாமல் சிரித்தார்.

பிரகாசி சிப்பியின் வரிகளை விரலால் தடவியபடி வெகுநேரம் நின்றாள். பிறகு ஊருக்குப் போன் போட்டாள். அவன் திரும்பி வருவான், கூடவே கூடாதென்று இத்தனை வருடமும் தடுத்து வைத்திருந்ததை, மாமியாரிடம் தானே சொன்னாள்.

“மாமி, அவுக ஆன்மாவுக்குக் கோயில்ல பூசை வைக்கச் சொல்லிருங்க.”