எல்லைக்கோட்டில் மாமியார்

“குனிஞ்சுக்குங்க! கண்ணுல பட்டா அவ்வளவுதான்!” என்று கிசுகிசுத்துவிட்டு, கணக்கர் ஜீப்பின் இருக்கைக்கு அடியில் பதுங்கினார்.

மாமியாரோ நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து பைனாகுலரைத் திருகினாள். “எங்க, மாப்பிள்ளை? புலியா?”

புலியாக இருந்திருந்தால் மனுஷன் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டுக் கரையில், ஒரு ஜீப்பில் நின்றுகொண்டிருந்தது அவருடைய மேனேஜர்.

இந்தக் காடு ஆற்றின் இரண்டு கரையிலும், இரண்டு நாட்டிலும் பரந்து கிடக்கிறது. ஒரே டிக்கெட்டில் இரண்டையும் சுற்றலாம். அந்த டிக்கெட்டை மேனேஜரும் வாங்குவார் என்று யார் கண்டது?

லீவு என்ற சொல்லைக் கேட்டாலே எரிந்து விழுகிறவர் அவர். வேறு வழி தெரியாமல் கணக்கர் முந்தாநாள் போனில் அழுதிருந்தார்: “சார், எங்க மாமியார் போயிட்டாங்க சார்!” காட்டு யானையைப் பார்க்காமல் கண்ணை மூட மாட்டேன் என்று அடம்பிடித்தவளை, யானை பார்க்க அழைத்து வருவதற்காகவே சாகடிக்க வேண்டியதாயிற்று.

யானைக் கூட்டம் ஒன்று ஆற்றில் இறங்கி, பாஸ்போர்ட்டும் இல்லாமல் விசாவும் இல்லாமல் அக்கரையில் ஏறியது. அதில் ஒரு குறும்புக்கார யானை மேனேஜரின் ஜீப்புக்குள் தும்பிக்கையை விட்டது. வட்டமாகப் பூக்கட்டிய எதையோ உருவி எடுத்து, ரிப்பனோடு சேர்த்து மென்றது.

மாமியார் கைதட்டிச் சிரித்தாள். “யானைக்கு மாலையெல்லாம் வாங்கிட்டு வர்றாங்க பாருங்க. நீங்களும்தான் வந்தீங்களே, வெறுங்கையை வீசிக்கிட்டு!”

திரும்புகிற வழியில் எல்லைப் பாலத்தில் இரண்டு ஜீப்புகளும் எதிரெதிரே நின்றன. டிரைவர்கள் டீ குடிக்க இறங்கிவிட்டார்கள். கணக்கர் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டும் பலனில்லை.

“யோவ், நீயா?”

“யாரு, மாப்பிள்ளை?”

“எங்க மேனேஜர், அத்தே...” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மாமியாருக்கு வாயெல்லாம் பல். “வணக்கங்க! நான் இவரோட மாமியார். எங்க மாப்பிள்ளை தங்கமானவருங்க. யானை பார்க்கணும்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன், உடனே லீவு போட்டுட்டாரு!”

இது வேறு மாமியார் என்று சமாளிக்கலாமென்றால், கணக்கருக்குப் பெண்டாட்டி ஒருத்திதான். வேலை போனது போனதுதான் என்று முடிவே கட்டிவிட்டார்.

மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. கணக்கரின் தோளைப் பற்றி, பாலத்தின் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“சார், மன்னிச்சிடுங்க சார், பிள்ளைகுட்டிக்காரன்...”

“மெதுவாப் பேசுய்யா!” மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். “முதலாளிகிட்ட இந்தம்மா சாவுக்குப் போறேன்னு சொல்லித்தான் நானே லீவு வாங்கியிருக்கேன்!”