ஒற்றைக் குண்டு

சுருக்குப்பையில் இருந்த ஒற்றைக் குண்டுகளை எடுத்துவிட்டு, ரவையைப் போட்டுக் கட்டினேன்.

குண்டு இலந்தைக் கொட்டை அளவு இருக்கும். மானுக்கு அதுதான். தோள் சப்பையில் பட்டால் பத்தடிக்குள் விழுந்துவிடும். ரவை மிளகு அளவு, காடைக்கும் கௌதாரிக்கும். அதை மான் மேல் சுட்டால் தோலோடு சரி. துள்ளிக்கொண்டு ஜெயங்கொண்டம் வரைக்கும் ஓடும்.

ஓடட்டும்.

இரண்டையும் வார்க்கிறவள் நான்தான். ஈயத்தை இரும்புக் கரண்டியில் உருக்கி அச்சில் ஊற்றி ஊற்றி, என் கையில் பொத்துப்போகாத இடமில்லை. கொப்புளம் எனக்கு, தொடைக்கறி அம்சவள்ளிக்கு.

மூன்று வருசமாக இதுதான் நடக்கிறது. என் வீட்டுக்காரர் சாமிக்கண்ணு மானைச் சுட்டு வந்தால், பங்கு பிரிக்கும் முன்னே பின்னந்தொடை ஒன்றை அறுத்து இலையில் சுற்றி எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வருவார். எனக்குக் கழுத்தும் விலாவும். எலும்பைக் கடித்துப் பல் ஆடியதுதான் மிச்சம்.

அந்த வீட்டில் ஆம்பிளை கிடையாது. அம்சவள்ளியின் புருசன் தர்மன், எமர்ஜென்சி முடிந்த வருசம் நெய்வேலிக்கு வேலை தேடிப் போனவன். விடியக் கருக்கலில் பஸ் பிடிக்கக் கிளம்பினான். அதன் பிறகு ஒரு கடுதாசி இல்லை. அங்கே எவளையோ சேர்த்துக்கொண்டான் என்று ஊரே பேசியது.

இவளோ தினமும் காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்துக்கொள்கிறாள். தலையில் கனகாம்பரம் வேறு. ஓடிப்போன புருசனுக்கு எதற்கு இத்தனை பெரிய பொட்டு? இவரை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். கூப்பிடுவதில் என்ன இருக்கிறது? அவள் கூரை ஒழுகினால் இவர் ஏறி நிற்கிறார். என் கூரையில் ஏறச் சொன்னால் முட்டி வலிக்கிறது.

பொறாமை என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். ஆமாம், பொறாமைதான்.

இன்றைக்கு அவளுக்குக் கறி கிடையாது என்று நினைக்கவே நெஞ்சு குளிர்ந்தது.

வெயில் தாழ்ந்ததும் அவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பையை எடுத்தார். இரண்டடி போனவர் நின்றார். பையை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு முடிச்சை அவிழ்த்தார்.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். இனி மூடி மறைக்க என்ன இருக்கிறது? அம்சவள்ளிக்கும் உங்களுக்கும் என்ன என்று கேட்டே விட்டேன். கட்டினவள் நான் இருக்க அவளுக்கு ஏன் தொடை போகிறது, இன்றைக்குச் சொல்லாமல் காட்டுக்குப் போக விடமாட்டேன் என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. ரவையைக் கையில் கொட்டிப் பார்த்துக்கொண்டே அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு இதப் போட்டுருந்தேன்னா தர்மன் பொழச்சிருப்பான் புள்ள. முந்திரிக்காட்டு வழியா பஸ்சுக்குப் போயிருக்கான். இருட்டுல மானுன்னு நெனச்சுட்டேன். அங்கயே பொதச்சிட்டேன்."

அந்தக் குண்டையும் நான்தான் வார்த்திருப்பேன். இந்த அடுப்பில்தான் வார்த்திருப்பேன்.

தெருப் படலைத் திறக்கிற சத்தம். முதுகுக்குப் பின்னால் அக்கா என்று குரல் கேட்டது. அம்சவள்ளி மோருக்குச் சொம்போடு வந்து நின்றாள்.

மேலத்தெரு அங்கமுத்து நேற்று நெய்வேலியிலிருந்து வந்திருக்கிறாராம். அவர் ஏதாவது தகவல் சொன்னாரா என்று அண்ணனைக் கேட்டுச் சொல்லச் சொன்னாள். யார் அந்தப் பக்கம் போய் வந்தாலும் அவள் இப்படி வந்து கேட்பதுதான். ஓடிப்போனவன் இனி வரமாட்டான், போய் வேலையைப் பார் என்று வாய் கூசாமல் சொல்லி அனுப்புவேன். ஒன்றும் தெரியாமலே மூன்று வருசம் அதைச் சொல்லியிருக்கிறேன்.

அவர் கையிலிருந்த ரவையை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

சொம்பை வாங்கி மோரை ஊற்றினேன். அவள் நெற்றியைப் பார்க்காமல் கொடுக்கத்தான் முயன்றேன், முடியவில்லை.

"வந்துடுவாரு அம்சவள்ளி" என்றேன்.