நன்றியுரை பாக்கி

மரங்கள் மைக்கில் பேசத் தொடங்கிய பிறகு, எங்கள் ஊர்க் கல்லூரியின் சுற்றுச்சூழல் துறை தன் வளாகத்து ஆலமரத்தையே சிறப்புப் பேச்சாளராக அழைத்தது. ஒரு சொல் சொல்லி முடிக்க அதற்கு ஒரு வாரம் ஆகும். மரியாதை தெரிந்த மரம் வேறு. மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக விளித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வரும். நடுவில் முதல்வர் ஓய்வு பெற்றுப் புதியவர் வந்து உட்கார்ந்தால், முதலிலிருந்து தொடங்கும்.

நன்றியுரை சொல்ல வேண்டியவள் மாணவி இளவேனில். சொல்லாமல் இறங்கினால் பட்டம் கிடையாது. அவளுக்கு நிச்சயித்த அதியன் முன்வரிசையில் காத்திருந்தான். சந்தேகமிருந்தால் என்னைக் கேளுங்கள், பக்கத்து நாற்காலி என்னுடையது.

மூன்றாவது முதல்வர் காலத்தில்தான் மரம் எல்லோரையும் விளித்து முடித்து, “நேரம் கருதிச் சுருக்கமாக…” என்றது.

அதியனுக்குப் பொறுக்கவில்லை. “இன்னும் எத்தனை முகூர்த்தம்டி போகணும்? எங்கம்மா வேற பொண்ணு பாக்குறாங்க!”

“அப்ப நீ மேல வாயேன்! இங்கயே கட்டு!”

சட்டைப்பையில் வைத்திருந்த தாலியோடு அவன் பாய்ந்து மேடையேறிக் கட்டியே விட்டான். நாங்கள் கைதட்டி ஓய்ந்தோம்.

அந்த மாதம் முழுக்க ஆலமரம் சொன்னது இவ்வளவுதான்: “மேடையில் வீற்றிருக்கும் மாப்பிள்ளை அவர்களே…”