தோல்சாட்டை

“இது வலிக்குமா?” என்று ஒரு குழந்தை முன்பொரு முறை பூவாயியின் துணிச்சாட்டையைத் தொட்டுப் பார்த்துக் கேட்டது. இப்போது கண்காட்சிக்கூடமாகிவிட்ட பழைய பண்ணையின் அறுவடை விழா நாடகத்தில் அவளுக்கு எப்போதும் பண்ணையார் வேஷம். இந்த ஆண்டு அடிவாங்கும் கூலியாளாக நடிக்க வந்தவர், அவள் அப்பன் சாத்தையனை மரத்தில் கட்டிவைத்து அடித்த பண்ணையாரின் மகன். தெய்வமே கொண்டுவந்து நிறுத்தியதாக அவள் நினைத்தாள். கண்காட்சிச் சுவரில் தொங்கிய நிஜமான தோல்சாட்டையை எடுத்துக்கொண்டாள். இன்று வலிக்கட்டும்.

வேஷம் கட்டும் அறையில் இருவர் மட்டுமே இருந்தார்கள்.

“மெல்ல அடி தாயி, வயசாச்சு” என்று சிரித்தபடி அவர் சட்டையைக் கழற்றினார். முதுகெல்லாம் பழைய தழும்பு.

“யாருங்கய்யா அடிச்சது?”

“எங்கப்பாதான். சின்னப் பயலா இருந்தப்ப, சாத்தையன்னு ஒரு ஆளோட கட்டை அவுத்துவிட்டேன்.”

வெளியே மேளம் அழைத்தது. பூவாயி தோல்சாட்டையை மூலையில் வைத்தாள். சட்டையை அவருக்கு மாட்டிவிட்டு, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டாள்.