தம்பி வீட்டுத் தண்ணீர்

"தண்ணியில சக்கரம் சுத்துறதை நான் படம் புடிச்சுக் காட்டினாத்தான் ஆலையைக் காப்பாத்த முடியும், ஐயா. இல்லேன்னா ரோடு போட இடிச்சிடுவாங்க," என்றாள் ஜோனெட். மாவட்டத்தின் பழைய மாவு ஆலைகளைக் கணக்கெடுக்க வந்தவள்.

"ஆலை என்னுது. அணை தம்பி வெர்ஜிலுது. எங்கப்பா பாகம் பிரிச்ச லட்சணம் அப்படி. அவர் போனதுலேர்ந்து எங்களுக்குள்ள பேச்சே கிடையாது. மதகைத் திறன்னு அவன்கிட்ட போய் நிக்க மாட்டேன்," என்றார் ஏமஸ்.

ஜோனெட்டே மேட்டிலிருந்த வெர்ஜிலின் வீட்டுக்கு ஏறிப் போனாள். அவர் சுடச்சுட மக்காச்சோள ரொட்டியும் வெண்ணெயும் வைத்து உபசரித்தார். மதகைப் பற்றிப் பேச்செடுத்ததும் முகம் மாறிவிட்டது.

"அவனுக்கா? ஒரு சொட்டு விட மாட்டேன்."

தொங்கிய முகத்தோடு ஆலைக்குத் திரும்பினாள்.

"ஒரு சொட்டுகூட விட மாட்டாராம், ஐயா. ரொட்டி மட்டும் தாராளமா போட்டாரு. வீட்ல இருந்த கடைசி மாவாம்."

"கடைசி மாவுன்னா சொன்னான்?"

"ஆமா."

ஏமஸ் எழுந்துபோய், பின்கதவோரம் கிடந்த மக்காச்சோள மூட்டையைத் திரிகைக்கல்லருகே இழுத்து வந்தார்.

"யாரோட மூட்டை ஐயா இது?"

"அவனுதுதான். நான் பாக்காதப்போ வெச்சிட்டுப் போவான். அரைச்சு, அவன் பாக்காதப்போ அணை மேல வெச்சிடுவேன். கடை மாவு அவனுக்கு ஆகாது."

"அப்போ தண்ணி?"

"கேமராவை எடும்மா," என்றார் ஏமஸ். "ராத்திரிக்கு அவனுக்கு ரொட்டி வேணும்ல?"

மேட்டில் மதகு திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே சக்கரம் முனகியபடி அசையத் தொடங்கியது.