சிவப்பு வாளி

எங்கள் லாட்ஜில் குளிப்பதற்கு வாளிகள்தான் வரிசையில் நிற்கும். ஏழாவது வாளிக்குத் தண்ணீர் மிஞ்சாது. பஸ் டிரைவர் ஞானசெல்வத்தின் சிவப்பு வாளியை மட்டும், அதிகாலை டூட்டி என்று, யாராவது முன்னால் நகர்த்திவிடுவார்கள். நான் வேலையை விட்டவன். என் வாளியை யாரும் தொட்டதில்லை.

எல்லோரும் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் ஞானசெல்வம் அறையைக் காலி செய்தார்.

"வாளிய நீயே வச்சுக்கடா. ஒரு வருசமா அது மேலதானே கண்ணு!"

மறுநாள் விடியலில் அதை ஒன்பதாவதாக வைத்துவிட்டுப் பல் துலக்கப் போனேன். திரும்பி வந்தபோது முதலில் நின்றது. உள்ளே போய்த் தாழிட்டேன். தலையில் நுரை வந்ததும் கதவைத் தட்டினார்கள்.

"டிரைவரண்ணே, டூட்டிக்கு நேரமாவல?"

"இதோ கெளம்பிட்டேன்" என்றேன், குரலைக் கனமாக்கி. நிதானமாக இன்னொரு குவளை ஊற்றிக்கொண்டேன்.