நினைத்த தேதி

"இந்த வகுப்புல ரெண்டு பேருக்காவது ஒரே நாள்ல பிறந்தநாள் வரும்" என்றார் புள்ளியியல் பேராசிரியை.

"நாப்பது பேருக்குள்ளயா? சும்மா சொல்லாதீங்க மேடம்!"

"ஒவ்வொருத்தரா தேதியைச் சொல்லுங்க."

மூன்றாவது வரிசையிலேயே இருவருக்கு ஒத்துப்போனது.

"டேய், ஒரே கேக்ல முடிச்சுடலாம்னு பாக்காதே!" வகுப்பு சிரித்தது. "அதான் கிடைச்சிடுச்சே மேடம், போதுமே?"

"மிச்சப் பேரும் சொல்லட்டும்."

கடைசிப் பெஞ்சு வரை கேட்டுவிட்டு, மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

முன்வரிசைப் பெண் கை தூக்கினாள். "யாரோ ரெண்டு பேருக்குன்னா சுலபம் மேடம். நாமளே ஒரு தேதியை நினைச்சுக்கிட்டு, அது இங்க யாருக்காவது இருக்கணும்னா?"

"கஷ்டம்மா. பத்துல ஒரு பங்குதான் வாய்ப்பு."

"அப்போ வகுப்பு வகுப்பாப் போய்க் கேக்க வேண்டியதுதான்!"

"ஆமாம்மா."

மணி அடித்தது. அவர் அடுத்த பிரிவுக்கு நடந்தார்.

பிறந்த அன்றே வீட்டார் யாருக்கோ தத்துக் கொடுத்துவிட்ட அவருடைய குழந்தைக்கு, இந்த வருடம் கல்லூரியில் சேரும் வயது. ஆணா பெண்ணா என்றுகூட அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது தேதி மட்டும்தான்.